கிறிஸ்தவக் கோடை முகாமில் தொண்டு, பிறகு ஊர் சுற்றல்: வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கோடை முழுக்க ஒரு கிறிஸ்தவ முகாமில் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, கடைசிச் சில வாரங்கள் நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களில் பலர் முதலில் வாங்குவது விமான டிக்கெட். கடைசியில் வாங்க வேண்டியதும் அதுதான். நான் இரண்டு கோடைகள் முகாம் கவுன்சிலராக, அதாவது கேபின் என்ற குடிலில் பிள்ளைகளோடு தங்கி அவர்களைக் கவனிக்கிறவராக, இருந்தேன். அதன்பின் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரப் பயிற்சி கொடுத்தேன். அவர்கள் இடறிய இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான். வேலை கடினமாக இருந்ததால் அல்ல, படிகளை முன்பின்னாக மாற்றியதால் இடறினார்கள்.

அமெரிக்காவை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஜே-1 என்ற பரிமாற்றப் பயணி விசாவில் முகாம் கவுன்சிலருக்கென்றே அங்கே ஒரு பிரிவு இருக்கிறது. பிரிட்டனும் ஐரோப்பாவும் விசாப் பகுதியில் வருகின்றன.

1. முகாமைத் தேடும்போது வரைபடத்தை மூடி வையுங்கள்

"கிராண்ட் கேன்யனுக்குப் பக்கத்தில் முகாம் இருக்கிறதா?" என்று தேடத் தொடங்குகிறார்கள். எட்டு முதல் பத்து வாரம் முகாம் எல்லைக்குள்தான் இருக்கப் போகிறீர்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, கேபினில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது, உங்களோடு இன்னொரு கவுன்சிலர் உண்டா என்பவைதான் கோடையைத் தீர்மானிக்கும்.

விண்ணப்பத்தை அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் அனுப்பிவிடுங்கள். அதற்குமேல் தாமதித்தால் வேலை கிடைத்தாலும் விசாவுக்கு நாள் போதாது.

நேர்காணலில் அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் விடுப்பு? நீச்சல் தெரியாவிட்டால் ஏரிக்கரைப் பொறுப்பு தருவீர்களா? கேபின் தியானத்தை யார் நடத்துவது? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் தராத முகாம் டைரக்டரிடம் நான் போக மாட்டேன்.

விசுவாச அறிக்கை என்று ஒரு தாள் வரும். பல முகாம்கள் அதில் கையெழுத்துக் கேட்கும். சில திருச்சபைப் பிரிவுகளின் முகாம்களில் ஞானஸ்நானம், நடத்தை விதிகள், உடை பற்றியெல்லாம் அதில் எழுதியிருக்கும். படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டு ஜூலையில் தர்க்கம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உடன்பாடு இல்லாத வரி இருந்தால் ஜனவரியிலேயே கேளுங்கள். அப்போது அது ஒரு கேள்வி. ஜூலையில் அது சண்டை.

"தொண்டு" என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் கிடையாது. அமெரிக்காவின் ஜே-1 முகாம் கவுன்சிலர் திட்டத்தில், அதே வேலையைச் செய்யும் அமெரிக்கருக்குக் கொடுக்கும் ஊதியத்தையும் வசதிகளையும் உங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்களைச் சமையற்காரராகவோ பாத்திரம் கழுவுகிறவராகவோ மட்டும் வைத்திருக்கவும் கூடாது. எல்லாரோடும் சேர்ந்து முறை வைத்து மேசை துடைப்பது வேறு; கோடை முழுக்க சமையலறையிலேயே நிறுத்துவது வேறு. ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் என்ன என்று பாருங்கள்.

2. சான்றிதழ்களை விசாவுக்கு முன்பே தொடங்குங்கள்

பிள்ளைகளோடு வேலை என்பதால் காவல்துறைச் சான்று கேட்பார்கள். ஓராண்டு வேறொரு நாட்டில் படித்திருந்தாலோ வேலை பார்த்திருந்தாலோ அந்த நாட்டுச் சான்றும் தேவைப்படலாம். வருவதற்கு நாளாகும் தாள் இதுதான். நீங்கள் அவசரப்பட்டாலும் அது அவசரப்படாது.

பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று உங்கள் போதகரிடமிருந்து வரட்டும். இன்னொன்று திருச்சபைக்கு வெளியே, உங்களை வேலையில் பார்த்த ஒருவரிடமிருந்து வர வேண்டும். "ஜெப வாழ்க்கை உள்ளவர்" என்ற வரியை எல்லாப் போதகரும் எழுதுவார்கள். "ஞாயிறு பள்ளியில் மூன்று ஆண்டுகள் பன்னிரண்டு பிள்ளைகளைக் கவனித்தார், ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை" என்ற வரிக்காகத்தான் டைரக்டர் தேடுகிறார். கேட்கும்போதே இதைச் சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவப் படிவத்தையும் தடுப்பூசிப் பட்டியலையும் இந்தச் சமயத்திலேயே முடித்துவிடுங்கள்.

3. விசா: இங்கே வரிசை மாறினால் எல்லாம் மாறும்

அமெரிக்காவுக்கு முகாம் நேரடியாக விசாத் தாள் தர முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர் அமைப்பு ஒன்று நடுவில் இருக்கும். உங்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆங்கிலம் பேச வர வேண்டும். திட்டம் அதிகபட்சம் நான்கு மாதம்.

வரிசை இது: முகாமின் ஒப்பந்தம் முதலில். அதைக் காட்டினால் ஸ்பான்சர் டிஎஸ்-2019 என்ற படிவத்தைத் தருவார். அதில் ஒரு சேவிஸ் எண் (வெளிநாட்டு மாணவர்கள், பரிமாற்றப் பயணிகளுக்கான அமெரிக்க அரசுப் பதிவேட்டின் எண்) இருக்கும். அந்த எண் இல்லாமல் சேவிஸ் கட்டணம் கட்ட முடியாது. விசாவுக்கான டிஎஸ்-160 விண்ணப்பத்தையும் சரியாக நிரப்ப முடியாது. அதன்பின் விசாக் கட்டணம், பிறகு நேர்காணல். ஒவ்வொன்றும் முந்தையதன் எண்ணைக் கேட்கும் என்பதால் எதையும் தாண்டிப் போக வழியில்லை.

சேவிஸ் கட்டணத்தில் ஒரு சிறு பொறி. முகாம் கவுன்சிலருக்கு 35 டாலர்தான். மற்ற பல ஜே-1 பிரிவுகளுக்கு 220 டாலர். இணையத்தில் பிரிவைத் தவறாகத் தேர்ந்தெடுத்து அதிகம் கட்டிவிட்டு, திரும்பப் பெற அலைந்தவர்கள் உண்டு. டிஎஸ்-2019 தாளில் உங்கள் பிரிவு அச்சாகியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுங்கள்.

பெயர் விஷயத்தையும் இப்போதே பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யு" என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதில் தவறில்லை. ஆனால் டிஎஸ்-2019 தாளில் தந்தை பெயரைச் சேர்த்து ஒருவிதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறுவிதமாகவும் இருந்தால் தொல்லை. ஒப்பந்தத்திலிருந்து டிக்கெட் வரை, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

நேர்காணலில் அதிகாரி அறிய விரும்புவது இரண்டு: வேலை உண்மையா, திரும்பி வருவீர்களா. முகாமின் பெயர், இடம், நாள்கள், வேலை ஆகியவற்றைத் தாளைப் பார்க்காமல் சொல்லத் தெரிய வேண்டும். திரும்பியதும் தொடரும் படிப்போ வேலையோ இருந்தால் அதற்கான சான்றைக் கொண்டு போங்கள். "முடிந்ததும் ஊர் சுற்றுவேன்" என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் அதையே முதல் வாக்கியமாகச் சொல்லாதீர்கள்.

பிரிட்டன் வேறு கதை. சாதாரணப் பார்வையாளர் விசாவில், பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றில் மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். அதுவும் பயணத்தின் முதன்மை நோக்கமாக இருக்கக் கூடாது. கோடை முழுக்க என்றால் அறப்பணியாளர் விசா வேண்டும்: ஸ்பான்சர் சான்று தேவை, ஊதியம் கிடையாது, 12 மாதம் வரை தங்கலாம். பிள்ளைகளின் இரண்டு வார முகாமுக்குப் போகிறவருக்கு முதலாவது போதும் என்று தோன்றும். முகாமுக்காக மட்டும்தான் போகிறீர்கள் என்றால் போதாது.

ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் (ஒரே விசா செல்லுபடியாகும் நாடுகளின் கூட்டம்) எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்குமேல் இருக்க முடியாது; விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். முகாம் நாள்களும் சுற்றும் நாள்களும் அதே 90-இல்தான் அடங்கும். குறுகிய கால விசாவில் தொண்டு செய்யலாமா என்பதை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. முகாமிடமிருந்து எழுத்தில் அழைப்பு வாங்கி, அந்த நாட்டுத் தூதரகத்திடம் கேளுங்கள். பிரான்சில் பர்கண்டிப் பகுதியின் தெய்சே என்ற கிறிஸ்தவத் துறவியர் சமூகம் போன்ற இடங்களில் கோடையில் ஞாயிறு முதல் ஞாயிறு வரை இளைஞர் கூடுகைகள் நடக்கின்றன. ஒரு வாரம் போய் மூன்று வேளை ஜெபத்தில் சேர்ந்து, பாத்திரம் கழுவி வருவது, முழுக் கோடைக்குத் துணிவதற்கு முன் நல்ல ஒத்திகை.

4. காப்பீடும் கைப்பணமும்

ஜே-1 காரர்களுக்கு மருத்துவக் காப்பீடு சட்டப்படி கட்டாயம்: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர். பெரும்பாலும் ஸ்பான்சரே ஏற்பாடு செய்வார். ஆனால் அது எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேளுங்கள். முகாமின் கடைசி நாளோடு முடிந்தால், ஊர் சுற்றும் நாள்களுக்குத் தனியாக நீட்டிக்க வேண்டும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் முகாமில் அல்ல, அதற்குப் பிறகு மலையேறும்போது.

முதல் சம்பளம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சோப்புக்கும் விடுமுறை நாள் பஸ்ஸுக்கும் கையில் பணம் வேண்டும். திரும்பும் பயணத்துக்கான பணத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

5. இப்போது டிக்கெட்

விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட பிறகே வாங்குங்கள். போகும் டிக்கெட் முகாமுக்குப் பக்கத்து விமான நிலையத்துக்கு, பயிற்சி தொடங்க இரண்டு நாள் முன்னதாக. தூக்கம் சரியாக அந்த இரண்டு நாளும் வேண்டும்.

திரும்பும் டிக்கெட் அதே ஊரிலிருந்து வேண்டாம். முகாம் கிழக்கே இருந்தால் மேற்குக் கடற்கரையிலிருந்து திரும்புங்கள். ஒரே டிக்கெட்டில் ஓரிடம் இறங்கி வேறோர் இடத்தில் ஏறுவது பெரும்பாலும் விலையில் அதிகம் வேறுபடாது. சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வரும் செலவும் இரண்டு நாளும் மிச்சம்.

6. பெட்டி

மூடிய காலணி இரண்டு ஜோடி, மழைக்கோட்டு, தலையில் மாட்டும் டார்ச், உடலை மூடிய நீச்சலுடை, பூச்சிவிரட்டி. படுக்கை விரிப்பு தருவார்களா என்று முன்பே கேளுங்கள். பல முகாம்கள் தருவதில்லை. தமிழ் வேதாகமம் ஒன்று கொண்டு போங்கள். தங்கள் பெயரைத் தமிழில் எழுதிக் கேட்கும் பிள்ளைகள், அதைப் புரட்டிப் பார்க்கவும் வருவார்கள். மழை நாளில் அரை மணி நேரம் ஓடிவிடும்.

7. முதல் வாரம்: பயிற்சியில் தூங்காதீர்கள்

பிள்ளைகள் வருவதற்கு முந்தைய வாரப் பயிற்சியில் பாட்டும் விளையாட்டும் நிறைய இருப்பதால், விதிகள் பற்றிய வகுப்பும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். எந்தப் பிள்ளையோடும் தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. பேச வேண்டுமென்றால் மற்றவர்கள் கண்ணில் படும் இடத்தில் பேச வேண்டும். ஒரு பிள்ளை தன் வீட்டில் துன்புறுத்தப்படுவதாகச் சொன்னால் இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. உடனே டைரக்டரிடம் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் படத்தை உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் போடக் கூடாது. பாசத்தோடு தோளில் கை போடுவது நமக்கு இயல்பாக இருக்கலாம். அங்கே அதற்கும் வரையறை உண்டு. இது உங்களைச் சந்தேகிப்பதால் அல்ல. பிள்ளையையும் உங்களையும் சேர்த்துக் காப்பதற்காக.

காட்டில் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். காம்புக்கு மூன்று இலையாகப் பளபளக்கும் பாய்சன் ஐவி என்ற செடியைத் தொட்டால் தோல் கொப்புளிக்கும். வடகிழக்கு மாநிலங்களிலும் வட மத்திய மாநிலங்களிலும் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். இரவில் குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமுடி ஓரம் தடவிப் பாருங்கள்; பிள்ளைகளையும் அப்படிப் பார்த்துக்கொள்ளப் பழக்குங்கள்.

வீட்டு ஏக்கம்தான் முதல் வாரத்தின் பெரிய வேலை. என் முதல் கோடையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், விளக்கணைத்த பிறகும் ஷூவைக் கழற்றாமல் போர்வைக்குள் படுத்திருந்தான். கயிற்றின் முடிச்சுகூட அவிழவில்லை. கேட்டால், "அம்மா வந்தால் உடனே போகணுமே" என்றான். நான் செய்த தவறு, "நாளைக்கு அம்மாவோடு போனில் பேசலாம்" என்று சொன்னது. மறுநாள் முழுவதும் அவன் ஒரு விளையாட்டிலும் சேரவில்லை. போன் எப்போது என்பதையே கேட்டுக்கொண்டிருந்தான். பேசியபின் இன்னும் மோசமானான். போன் வாக்குறுதி ஒருபோதும் தராதீர்கள். நாளைக் காலை முதல் வேலை என்ன என்பதை மட்டும் சொல்லுங்கள்: "எழுந்ததும் கொடியேற்ற நீயும் நானும் போகிறோம்." ஒரு கோடை கழித்து இன்னொரு பையனிடம் அதைத்தான் சொன்னேன். அவன் தானாகவே ஷூவைக் கழற்றிக் கட்டிலடியில் வைத்தான்.

கேபின் தியானத்தை ஏழெட்டு நிமிடத்துக்குமேல் இழுக்காதீர்கள். ஒரு வேதபகுதி, இரண்டு கேள்வி, ஒரு சிறு ஜெபம். பகலில் ஏரியில் படகு ஓட்டிக் காற்றில் சிக்கிய பிள்ளைகளுக்கு, மாற்கு 4-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசித்தால் விளக்கமே வேண்டாம். சீஷர்கள் ஏன் பயந்தார்கள் என்று கேட்டால் பத்துப் பேரும் பேசுவார்கள். பிரசங்கம் செய்ய வந்தவர்கள்தான் இங்கே தோற்கிறார்கள்.

கேம்ப்ஃபயர் இரவில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு ஜெபிக்க வந்தால், அதை மனந்திரும்பியவர்களின் எண்ணிக்கையில் சேர்த்துவிடாதீர்கள். களைப்பும் அழவைக்கும். கேளுங்கள், கூட இருங்கள், மறுநாள் சாப்லினிடம் (முகாமின் ஆன்மிகப் பொறுப்பாளரிடம்) சொல்லுங்கள்.

8. வார விடுப்பு நாள்

தூங்குங்கள், துணி துவையுங்கள், வீட்டுக்குப் பேசுங்கள். நான்கு மணி நேரம் பயணம் செய்து ஒரு நகரத்தை எட்டிப் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்புகிறவர்களுக்கு, மறுநாள் பிள்ளைகள்மேல் எரிச்சல்தான் மிஞ்சும். ஊரைப் பார்க்கப் பின்னால் நாள் இருக்கிறது.

9. முகாம் முடிந்தபின்: அந்த 30 நாள்

ஜே-1 திட்டத்தை ஒழுங்காக முடித்தவர்களுக்கு, முடிவுத் தேதிக்குப் பிறகு 30 நாள் நாட்டுக்குள் சுற்ற அனுமதி உண்டு. அந்த நாள்களில் வேலை செய்யக் கூடாது. நடுவில் வேலையை விட்டுவிட்டாலோ நீக்கப்பட்டாலோ இந்தச் சலுகை கிடையாது. முகாம் முன்கூட்டியே முடிந்தால் 30 நாளை எங்கிருந்து எண்ணுவது என்று ஸ்பான்சரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள விசாவின் காலாவதித் தேதியைப் பார்த்துக் கணக்குப் போடுவது தவறு. அது நுழைவதற்கான தேதி, தங்குவதற்கானது அல்ல.

எல்லாரும் விழும் பள்ளம் நயாகரா. கனடாப் பக்கத்திலிருந்து பார்த்தால் அருவி முழுதாகத் தெரியும் என்று கேள்விப்பட்டு, பாலத்தைக் கடந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். கனடாவுக்குத் தனி விசா வேண்டுமா என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், இந்த 30 நாளில் அமெரிக்காவை விட்டு வெளியேறினால் ஜே-1 விசாவில் மறுபடி நுழைய முடியாது. உங்கள் பெட்டி ஒரு நாட்டிலும் நீங்கள் ஒரு நாட்டிலும் இருப்பீர்கள். அமெரிக்கப் பக்கத்து மாநிலப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கேயே நின்று பாருங்கள்.

முதல் மூன்று நாள் எங்கும் போகாதீர்கள். சக கவுன்சிலர் யாராவது வீட்டுக்கு அழைத்திருந்தால் அங்கே தங்குங்கள். முகாமில் இருந்த பிள்ளையின் பெற்றோர் அழைத்தால் மட்டும் டைரக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கார் இல்லாமல் சுற்றலாம். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் வாடகைக் கார் நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்கும் என்பதால் அதுவே நல்லதும்கூட. ஆம்டிராக் ரயில் நிறுவனத்தின் "ரயில் பாஸ்" என்ற சீட்டு ஒன்றில் 30 நாளுக்குள் பத்துப் பயணம் செய்யலாம். ரயில் மாறினால் அது இரண்டு பயணமாகக் கணக்காகும்; இதைக் கவனிக்காமல் பாதி வழியில் சீட்டு தீர்ந்தவர்கள் உண்டு. நான் பரிந்துரைக்கும் பாதை: வாஷிங்டன், சிகாகோ, ஃபிளாக்ஸ்டாஃப், லாஸ் ஏஞ்சலிஸ். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் இலவசம். தேசியப் பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு, ஆராதனைக்குப் போனால் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். சிகாகோவிலிருந்து மேற்கே போகும் சவுத்வெஸ்ட் சீஃப் ரயில் ஃபிளாக்ஸ்டாஃபுக்கு இரவில் வந்து சேரும்; அன்றைய படுக்கையை முன்பே பதிவு செய்யுங்கள். மறுநாள் காலை அங்கிருந்து வேனில் கிராண்ட் கேன்யன் தென் விளிம்புக்குப் போகலாம். விளிம்புப் பகுதியில் இலவச பஸ் ஓடுகிறது. ஆகஸ்டில் பள்ளத்தாக்கின் உள்ளே வெயில் 38 டிகிரியைத் தாண்டும். இறங்குவது எளிது, ஏறுவதற்கு இரு மடங்கு நேரமும் தண்ணீரும் வேண்டும்.

தேசியப் பூங்காக் கட்டணத்தைப் பழைய பயணக் குறிப்புகளிலிருந்து எடுக்காதீர்கள். 2026 முதல் அந்நாட்டில் குடியிருக்காதவர்களுக்கு ஆண்டுச் சீட்டு 250 டாலர். அது இல்லாமல் போனால் கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி, யெல்லோஸ்டோன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்குமேல் ஆளுக்கு 100 டாலர். ஒரே பூங்கா என்றால் ஆண்டுச் சீட்டு நட்டம். மூன்று என்றால் லாபம். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்துக்குப் பிறகு பள்ளிகள் திறந்து கூட்டம் குறையும். உங்கள் 30 நாள் இடம் கொடுத்தால் பூங்காக்களை அதற்குப் பின்னால் தள்ளுங்கள்.

10. கிளம்புவதற்கு முன்

முகாம் அலுவலகத்தில் உங்கள் நிலையான அஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஜனவரி இறுதிக்குள் டபிள்யூ-2 என்ற சம்பளத் தாளை அனுப்புவார்கள். அதை வைத்து ஏப்ரல் 15-க்குள் வரிப் படிவம் கொடுக்க வேண்டும். கூடுதலாகப் பிடித்திருந்தால் திரும்பக் கிடைக்கும். ஜே-1 கவுன்சிலர்களிடம் பொதுவாகச் சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் வரியும் பிடிக்கக் கூடாது. தவறுதலாகப் பிடித்திருக்கிறார்களா என்று கடைசிச் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் முகாமை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கணக்கரிடம் காட்டுங்கள். வரிப் பணம் திரும்ப வரும்வரை வங்கிக் கணக்கையும் மூட வேண்டாம்.